கடிதத்தில் கையெழுத்து இருந்தது, போட்டவருக்குப் பதவி இல்லை

அறவாரியத்தின் முகப்பில் இருந்த அம்மா கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு தேதியின் மேல் விரலை வைத்துத் தாளை என் பக்கம் திருப்பினார்.

"12 அக்டோபர்னு இருக்கு. பார்லிமென்ட் 10ஆம் தேதியே கலைஞ்சிருச்சேம்மா. அன்னைக்கே அவரு எம்.பி. இல்ல. இதை நான் எப்படி எடுத்துக்கிறது?"

அரை நாள் விடுப்பு எடுத்துப் போயிருந்தேன். அந்த ஒரு தாளுக்காக அதற்கு முன் நான்கு முறை அலைந்திருந்தேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

2022இல் நடந்தது இது. இன்றைக்கும் யாராவது "எம்.பி. கிட்ட ஒரு கடிதம்தானே" என்று சொன்னால் மனசு பதறுகிறது. கோலாலம்பூரில் இருந்துகொண்டு கல்வி நிதிக்கோ பள்ளி உதவிக்கோ மனுப் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் பிளாட் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் எஸ்.பி.எம். என்ற இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறோம். பயிற்சி நூல்கள் வாங்க ஓர் அறவாரியத்திடம் 8,000 ரிங்கிட் கேட்டு மனு. கடைசி நாள் அக்டோபர் 31. கோயில் பதிவுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு அறிக்கை, பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல், புத்தகக் கடையின் விலைப்பட்டியல் எல்லாம் ஒரே வாரத்தில் கைக்கு வந்துவிட்டன. பாக்கி இருந்தது தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் ஆதரவுக் கடிதம் மட்டும்.

செப்டம்பர் 20ஆம் தேதி சேவை மையத்தில் மனுவைக் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதாகச் சாப் (முத்திரை) அடித்துத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. என் முதல் தவறு அதுதான். ஒன்பது நாள் கழித்துப் போனால், "யாருகிட்ட கொடுத்தீங்க கா?" என்று கேட்கிறார்கள். கோப்பு கிடைக்கவே இல்லை. வீட்டுக்கு ஓடி நகல் எடுத்து வந்து மறுபடி கொடுத்தேன். அக்டோபர் 7, வெள்ளிக்கிழமை மூன்றாம் முறை. "வைபி இன்னைக்கு பட்ஜெட்டுக்கு பார்லிமென்ட் போயிட்டாரு, அடுத்த வாரம் வாங்க" என்றார் அங்கிருந்த தம்பி. எம்.பி.யை இங்கே மரியாதையாக 'வைபி' என்றுதான் கூப்பிடுவோம். உண்மைதான், 2023ஆம் ஆண்டு பட்ஜெட்டை அன்றுதான் மக்களவையில் தாக்கல் செய்தார்கள். அதனால் எனக்கும் கோபம் வரவில்லை.

திங்கட்கிழமை பிற்பகல் பிரதமர் இஸ்மாயில் சப்ரி தொலைக்காட்சியில் வந்து நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதாக அறிவித்தார். மூன்று நாளைக்கு முன் தாக்கலான பட்ஜெட்டே அத்தோடு காலாவதியாகிப்போனது. என் கடிதத்துக்கும் அதே கதிதான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. தவணை ஐந்து வருஷம், 14ஆவது நாடாளுமன்றம் முதன்முதலில் கூடியது 2018 ஜூலை 16, ஆக 2023 ஜூலை வரை நேரம் இருக்கிறது என்ற கணக்கிலேயே நான் இருந்தேன். அதுவும் போக, பிரதமர் இடைக்காலப் பிரதமராகத் தொடர்கிறார், அமைச்சர்களும் தொடர்கிறார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். அப்படியானால் எம்.பி.யும் தொடர்வார் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

அது தவறு. புதிய அரசு அமையும்வரை நிர்வாகம் நின்றுவிடக் கூடாது என்பதற்காக அமைச்சரவை இருக்கும். மக்களவை உறுப்பினர்கள் அப்படி இல்லை. கலைந்த அந்த நாளே 222 தொகுதியும் காலி. சேவை மையம் திறந்திருக்கலாம், சுவரில் படம் தொங்கலாம், எல்லாரும் "வைபி" என்றே கூப்பிடலாம். கையெழுத்துக்கு மதிப்பு கிடையாது.

12ஆம் தேதி கடிதம் கிடைத்தது. அழகான கடிதத்தாள், நீல மையில் கையெழுத்து, கீழே 'அஹ்லி பார்லிமென்' (மலாயில் நாடாளுமன்ற உறுப்பினர்) என்று சாப். மறுநாள்தான் முதலில் சொன்ன அந்த முகப்பு.

அங்கிருந்து நேரே சேவை மையத்துக்குப் போனேன். தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டு, "தேதியை 7ன்னு மாத்தி அடிச்சுத் தரவா கா? யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். நல்ல மனதோடுதான் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். மண்டபத்தில் உட்காரும் முப்பத்தொரு பிள்ளைகளுக்காக வாங்கும் கடிதம் அது. பொய்த் தேதி போட்ட தாளைக் கோயில் பெயரில் நீட்ட என்னால் முடியாது. உங்களிடமும் யாராவது இப்படிக் கேட்டால் தயவுசெய்து தலையாட்டிவிடாதீர்கள். பிடிபட்டால் அடுத்த வருஷ மனுவும் சேர்ந்து போய்விடும்.

அன்று இரவு பினாங்கில் இருக்கும் தங்கையிடம் சொல்லி அழுதேன். அவளும் இதே நிதிக்கு மனுப் போட்டிருந்தாள். "எங்களுக்கு சட்டமன்ற உறுப்பினரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரே, நீயும் அப்படியே வாங்கு" என்றாள். பினாங்கு, சிலாங்கூர் போன்ற மாநிலங்கள் அந்தச் சமயத்தில் சட்டமன்றத்தைக் கலைக்கவில்லை. அவர்களுக்கு மாநிலத் தேர்தல் 2023 ஆகஸ்ட்டில்தான் வந்தது. அதனால் அங்கே கேட்க ஆள் இருந்தார். கோலாலம்பூர்க்காரர்களுக்கு? 1974இல் இந்த ஊர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து, மத்திய அரசின் கீழ் வரும் கூட்டரசுப் பிரதேசமான நாளிலிருந்து எங்களுக்குச் சட்டமன்றமே இல்லை. மாநகர மேயர் நியமனப் பதவி. பதினொரு தொகுதிக்குப் பதினொரு எம்.பி., மக்கள் தேர்ந்தெடுத்தவர் என்று சொல்ல அவ்வளவுதான். அவர்கள் பதவி போனால் அடுத்த தேர்தல்வரை எங்களுக்காகக் கையெழுத்துப் போட ஒருவரும் இல்லை. இத்தனை வருஷம் இந்த ஊரில் குடியிருந்தும் எனக்கு இது புத்தியில் ஏறியதில்லை. இப்போது நினைத்தாலும் வலிக்கிறது.

வழி காட்டியவர் கோயிலுக்கு வரும் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். நடந்ததைக் கேட்டுவிட்டு, "ஏம்மா, மேலவை கலையலையே. செனட்டரைப் பாரு" என்றார். மேலவையைக் கலைப்பது என்பதே கிடையாதாம். எழுபது இடம், அதில் 26 பேரை மாநிலச் சட்டமன்றங்கள் அனுப்பும், 44 பேர் மாமன்னரின் நியமனம். அந்த 44இல் இரண்டு கோலாலம்பூருக்கு என்றே ஒதுக்கியது. ஒவ்வொருவருக்கும் மூன்று வருஷத் தவணை, அவரவர் பதவியேற்ற நாளிலிருந்து தனித்தனிக் கணக்கு. மக்களவை கலைந்தாலும் அவர்கள் தவணை அது பாட்டுக்கு ஓடும்.

இணையத்தில் ஒரு செனட்டரின் அலுவலக முகவரியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எல்.ஆர்.டி. இறங்கி மழையில் இருபது நிமிஷ நடை. "அவங்க போன வருஷமே காலி பண்ணிட்டாங்க" என்றார் காவலாளி. போன் பண்ணாமல் எந்த அலுவலகத்துக்கும் போகாதீர்கள். அன்றிரவே நாடாளுமன்ற இணையத்தளத்திலிருந்த பட்டியலைப் பார்த்து இன்னொரு செனட்டருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். வகுப்பின் படம், பிள்ளைகளின் எண்ணிக்கை, கலைந்த தேதியால் வந்த சிக்கல் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதினேன். தீபாவளி 24ஆம் தேதி. பலகாரம் சுட உட்கார்ந்தாலும் மனசு போனிலேயே இருந்தது. 26ஆம் தேதி உதவியாளர் அழைத்தார்: "அக்கா, கடிதம் ரெடி." அந்தக் குரலை நான் மறக்கவே மாட்டேன்.

28ஆம் தேதி மறுபடி அதே முகப்பு. "செனட்டர் எம்.பி. இல்லையேம்மா" என்றார் அதே அம்மா. இதை எதிர்பார்த்துத்தான் ஆசிரியர் கூட்டரசு அரசியலமைப்பின் 44ஆவது பிரிவை எழுதிக் கொடுத்திருந்தார். மாமன்னர், மேலவை, மக்களவை மூன்றும் சேர்ந்ததுதான் நாடாளுமன்றம். பாரத்தில் 'அஹ்லி பார்லிமென்' என்றுதான் கேட்டிருக்கிறது, மக்களவை என்று எங்குமே இல்லை. இதை மெதுவாக, குரல் உயர்த்தாமல் சொன்னேன். அவர் உள்ளே போன் பேசினார். பதினைந்து நிமிஷம். அதற்குள் பாரத்தின் எல்லாப் பக்கத்தையும் நான்கு தடவை திருப்பிவிட்டேன்.

"எடுத்துக்கிறோம். ஆனா புது எம்.பி. வந்ததும் அவரு கடிதமும் வேணும், அப்பதான் காசு." சரி என்றேன். பெற்றுக்கொண்டதற்கு இந்த முறை சாப் கேட்டு வாங்கினேன்.

வாக்களிப்பு நவம்பர் 19. முடிவு வந்த மறுவாரமே கடிதம் கிடைத்துவிடும் என்று நினைத்திருந்தேன். அதுவும் நடக்கவில்லை. மக்களவையில் பதவிப் பிரமாணம் எடுத்த பிறகுதான் புதுக் கடிதத்தாளும் சாப்பும் என்று சொல்லிவிட்டார்கள். கலைத்தால் அறுபது நாளுக்குள் தேர்தல் என்று ஒரு கெடு, நூற்றிருபது நாளுக்குள் நாடாளுமன்றம் கூட வேண்டும் என்று இன்னொரு கெடு. நாம் மனுப் போடும்போது இந்த இரண்டாவதைத்தான் கணக்கில் வைக்க வேண்டும். 15ஆவது நாடாளுமன்றம் டிசம்பர் 19ஆம் தேதி கூடியது. பதவிப் பிரமாணத்தைத் தொலைக்காட்சியில் முழுக்கப் பார்த்தேன், எங்கள் தொகுதிக்கு வந்தவர் எழுந்து நிற்கும்வரை. மறுநாள் காலை சேவை மையம் திறக்கும்போது வாசலில் நான்தான் முதல் ஆள். ஒன்றரை மணி நேரத்தில் கடிதம் கையில். தேதி 20 டிசம்பர்.

கொஞ்ச நாளாக முணுமுணுப்பாக இருந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 14ஆவது தவணையில் மட்டும் மூன்று பிரதமர்களைப் பார்த்தோம். யார் எந்தக் கட்சியில் இருக்கிறார் என்றே தெரியாத நாள்கள் இருந்தன. கட்சித் தாவலைத் தடுக்கும் சட்டத் திருத்தத்துக்கு மக்களவையில் 209 பேர் ஆதரவாக வாக்களித்தார்கள். அது நடப்புக்கு வந்தது அக்டோபர் 5ஆம் தேதி, கலைவதற்கு ஐந்தே நாள் முன்னால். அந்த அலைக்கழிப்பின் பாரம் கடைசியில் எங்கள் மண்டபம்வரை வந்து சேர்ந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

பணம் ஜனவரியில் வந்தது. புத்தகங்கள் மூன்றாம் வாரம் வந்து சேர்ந்தன. எழுத்துத் தேர்வு பிப்ரவரியில். பெட்டியைப் பிரித்தபோது ஒரு பையன் வேதியியல் பயிற்சி நூலை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தான். "டீச்சர், இதை முடிக்க நாள் இருக்கா?" என்று கேட்டான்.

வாரம் மூன்று நாள் நடந்த வகுப்பை அன்றே ஐந்து நாளாக்கினோம்.