தூக்கினால் போதுமா, நிற்க வேண்டாமா?

பட்டறையில் வேலை பார்ப்பவனுக்கு புல்லட்டின் கனம் மறந்துபோய்விடும். ரேம்ப்பில் ஏற்றி, முன் சக்கரத்தைக் கவ்வியில் பூட்டி, மிதியை மிதித்தால் வண்டி இடுப்பு உயரத்துக்கு வந்துவிடுகிறது. 2020 ஊரடங்கில் கடைகள் பூட்டிக் கிடந்தபோது, நம் வண்டியை நாமே பார்த்துக்கொண்டால் என்ன என்று பலருக்கும் ஆசை வந்தது. சந்தேகம் கேட்டுக் கூப்பிடுபவர்களின் அடுக்குமாடி பார்க்கிங்குக்கு நானும் போய் வருகிறேன். "அண்ணா, ஆயில் எல்லாம் மாத்திடுவேன், வண்டியை ஸ்டாண்டுல தூக்கத்தான் பயமா இருக்கு" என்பார்கள். நியாயமான பயம்தான். ஸ்ப்ளெண்டர் 112 கிலோ, கிளாசிக் 350 என்றால் 195 கிலோ.

சென்டர் ஸ்டாண்ட் போட வருபவர்களில் பாதிப் பேர் பின்னால் இருக்கும் கைப்பிடியைப் பிடித்து வண்டியை மேலே இழுக்கிறார்கள். மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். வண்டியை நியூட்ரலில் வைத்து, இடது பக்கம் நின்று, இடது கையால் ஹேண்டில்பாரை நேராகப் பிடிக்க வேண்டும். வலது காலால் ஸ்டாண்டின் மிதியை மெல்ல அழுத்தும்போது அதன் இரண்டு பாதங்களும் தரையைத் தொடுகின்றனவா என்று காலிலேயே தெரியும். ஒன்று மட்டும் தொட்டால் வண்டி இன்னும் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம், கொஞ்சம் நிமிர்த்த வேண்டும். இரண்டும் பட்டதும் உடம்பின் எடை முழுவதையும் அந்த மிதியின் மேல் இறக்கி ஏறி நின்றுவிட வேண்டியதுதான். வண்டி தானே பின்னால் உருண்டு ஏறும். பின் கைப்பிடியில் இருக்கும் வலது கை இழுக்க வேண்டாம், வழிநடத்தினால் போதும். அறுபது கிலோ உடம்புக்காரர்கள் அலட்டாமல் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறேன், ஜிம்முக்குப் போகிறவர்கள் திணறுவதையும் பார்த்திருக்கிறேன். அப்படியும் ஏறாவிட்டால் பின் சக்கரத்துக்கு அடியில் ஒரு அங்குலப் பலகையை வைத்து ஏற்றிவிட்டு, அப்புறம் பலகையை உருவிவிடலாம்.

தரையை யாரும் பார்ப்பதில்லை. மழைத்தண்ணீர் ஓட வேண்டும் என்பதற்காக பார்க்கிங்கில் ஒரு பக்கம் வாட்டம் விட்டிருப்பார்கள், கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. வண்டி முன்னால் நகர்ந்தால்தான் சென்டர் ஸ்டாண்டை விட்டு இறங்கும். அதனால் வண்டியின் முகம் மேட்டைப் பார்த்து இருக்க வேண்டும். பள்ளத்தைப் பார்த்து நிறுத்திவிட்டு பின்னாலிருந்து ஒரு தட்டு தட்டினால் கதை முடிந்தது. மண் தரையாக இருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு கனமான பலகை போட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பாதம் மட்டும் மெல்லப் புதையும்.

இவ்வளவுக்கும் பிறகு வண்டி ஸ்டாண்டில் நின்றுவிட்டால் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். எனக்கு அங்கேதான் கவலை ஆரம்பிக்கும். "கியர்ல போட்டிருக்கேன் அண்ணா, நகராது" என்று ஒரு தம்பி தெம்பாகச் சொன்னார். கியர் பிடித்து வைத்திருப்பது பின் சக்கரத்தை. அது அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போது கியரில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? தரையில் இருப்பது முன் சக்கரம், அதைத்தான் கட்ட வேண்டும். பழைய சைக்கிள் டியூபை விரல் அகலத்துக்கு வெட்டி, முன் பிரேக் லீவரை ஹேண்டில் பிடியோடு சேர்த்து இறுக்கிச் சுற்றிவிட்டால் வண்டி அசையாது. காசு கொடுத்து வாங்கும் பட்டை எதுவும் இந்த டியூப் வாருக்கு ஈடாகாது என்பது என் கட்சி.

சக்கரத்தின் அச்சைப் பூட்டியிருக்கும் ஆக்சில் நட்டை இளக்குவதும் வண்டி தரையில் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை. துருப்பிடித்த நட்டுக்கு நீளமான பைப்பை மாட்டி முழு பலத்தோடு இழுக்கிற இழுப்பு, ஸ்டாண்டில் நிற்கிற வண்டியைத் தள்ளுவதற்கும் போதும். கீழே வைத்து இளக்கி, மேலே ஏற்றிக் கழற்றி, மாட்டியபின் கீழே இறக்கி கடைசி முறுக்கு கொடுக்க வேண்டும்.

1955-இல் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் புல்லட் ஆலை வந்தது. நான் தொழில் கற்ற வடசென்னைப் பட்டறையில் ரேம்ப் எல்லாம் கிடையாது, எல்லாம் கட்டைதான். முன் சக்கரத்தைக் கழற்றினால் ஃபோர்க் தரையில் இறங்காமல் இருக்க எஞ்சினுக்கு அடியில் முட்டு வேண்டும். பழைய புல்லட்டில் எஞ்சினுக்குக் கீழே சேசிஸ் கம்பி ஓடாது, எஞ்சினே சேசிஸின் ஒரு பகுதி. அதனால் ஜாக்கியை நேராக வைத்தால் அலுமினியக் கேஸில்தான் முட்டும், ஆயில் இறக்கும் நட்டும் அங்கேதான் இருக்கிறது. நடுவில் தடிமனான பலகை வைக்காமல் ஜாக்கியைத் தொடவே விடமாட்டார் மேஸ்திரி. ஏற்றியதும் பக்கத்திலேயே மரக்கட்டை அடுக்கி, எடையைக் கட்டையில் இறக்கிவிடுவார். செங்கல் வைக்கவே கூடாது. நன்றாகத்தான் நிற்கும், உடைவதற்கு முன்னால் சொல்லிவிட்டு உடையாது.

கேடிஎம் டியூக், யமஹா ஆர்15 போன்ற வண்டிகளில் சென்டர் ஸ்டாண்டே இல்லை. பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்ட் என்ற தனி ஸ்டாண்டை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பழகும்வரை வண்டியை நேராகப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். வீட்டில் வேறு ஆள் இல்லாவிட்டால் வாட்ச்மேனைக் கூப்பிடுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

பின் சக்கரம் மேலே வந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, கியர் போட்டு, செயினைத் துணியால் துடைப்பவர்கள் இருக்கிறார்கள். வேலை சீக்கிரம் முடிகிறதாம். துணி ஸ்பிராக்கெட் என்ற பல்சக்கரத்தில் மாட்டினால் விரலும் சேர்ந்து போகும். எங்கள் தொழிலில் விரல் குறைந்தவர்களைக் கேளுங்கள், காரணம் பெரும்பாலும் செயின்தான். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, சக்கரத்தைக் கையால் சுற்றியே துடைக்கலாம்.

இறக்கும்போது அவசரம் கூடாது. முதலில் சைடு ஸ்டாண்டை விரித்துவிட்டு, டியூப் வாரை அவிழ்த்து, இடது பக்கம் நின்று வண்டியைக் கொஞ்சம் நம் பக்கம் சாய்த்தபடி முன்னால் தள்ள வேண்டும். வண்டி வலது பக்கம் சாய்ந்தால் பிடிக்க ஸ்டாண்டும் இல்லை, நாமும் இல்லை. பின் சக்கரம் தரையைத் தொட்டதும் முன் பிரேக்கை அழுத்த வேண்டும். டிஸ்க் பிரேக் பேடு மாற்றியிருந்தால், தள்ளுவதற்கு முன்னாலேயே லீவரை நாலைந்து தடவை அழுத்தி இறுக்கம் வந்ததா என்று பார்த்துவிடுங்கள். பேடைத் தள்ளும் பிஸ்டன் உள்ளே போயிருந்தால் முதல் அழுத்தில் லீவர் பிடியைத் தொடும், வண்டி அதுபாட்டுக்கு எதிர்ச் சுவரைப் பார்த்துப் போகும்.