காரைக்குடிக்கு எந்தத் தோட்டா?

கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்று குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டதும் முதலில் வந்தது டல்லாஸில் இருக்கும் அண்ணன் மகனின் குரல்செய்திதான். "சித்தப்பா, ஒன்பது எம்எம் வாங்குங்க. வேற எதையும் யோசிக்காதீங்க." அவன் ஊரில் அது எளிது. கடைக்குப் போய் அடையாள அட்டையைக் காட்டி, பின்னணிச் சோதனை முடிந்ததும் அன்றைக்கே வாங்கி வரலாம். டெக்ஸாஸில் 2021 செப்டம்பர் முதல், 21 வயது நிரம்பி, சட்டத் தடை எதுவும் இல்லாதவர்கள் தனி அனுமதி இல்லாமலே கைத்துப்பாக்கியை உடம்பில் வைத்துக்கொண்டு போகலாம். காரைக்குடியில் அடகுக் கடை வைத்திருக்கும் எனக்கு நிலைமை வேறு.

ஏன் துப்பாக்கி என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடையில் இருக்கும் நகை என்னுடையது இல்லை, ஊராருடையது. சில நாள் இரவில் பணத்தோடும் சாவியோடும் பள்ளத்தூர் தாண்டி எங்கள் ஊருக்குப் போக வேண்டும். பைக்கில் இரண்டு பேர் நெடுந்தூரம் பின்னாலேயே வந்த ஒரு ராத்திரிக்குப் பிறகுதான் மனு எழுதினேன்.

மனு கலெக்டர் ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து போலீசுக்கும் வருவாய்த் துறைக்கும் விசாரணைக்குப் போகும். அடகுக் கடைக்காரனுக்கு ஒரு வசதி உண்டு. தமிழ்நாடு அடகு வணிகர் சட்டம் 1943-இன் கீழ் வாங்கிய உரிமம், வரிக் கணக்கு, கடை வாடகைப் பத்திரம் என்று காகிதத்துக்குப் பஞ்சமில்லை. மருத்துவச் சான்று, மனநலம் உட்பட, கட்டாயம். துப்பாக்கியைக் கையாளும் பயிற்சி முடித்த சான்றும், வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழியும் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் சேர்ந்தவை. மற்றபடி இழுத்தடிப்பு வழக்கம்போல. "அடுத்த வாரம் வாங்க" என்பதை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று ஓர் அலுவலகத்தில் நன்றாகத் தெரிந்துகொண்டேன். அதை விரித்து எழுத விருப்பமில்லை.

எந்த அளவு தோட்டா, அதாவது குண்டின் குறுக்களவு என்ன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் ஆண்டுக்கணக்கில் சண்டை போடும் கேள்வி இது. அண்ணன் மகன் அனுப்பிய சங்கதிகளில் ஒன்று உண்மையிலேயே படிக்க வேண்டியது. 1986 ஏப்ரலில் மயாமியில் எஃப்பிஐ ஆட்களுக்கும் இரண்டு வங்கிக் கொள்ளையர்களுக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள். தொடக்கத்திலேயே ஒரு கொள்ளையன் மேல் பாய்ந்த ஒன்பது எம்எம் குண்டு, கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போய், இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அதற்கப்புறமும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். பழி தோட்டாவின் மேல் விழுந்தது. பத்து எம்எம், அதன்பின் 1990-இல் .40 (இது அங்குலக் கணக்கு) என்று பெரிய அளவுகளுக்குப் போனார்கள். சதைக்குப் பதிலாக ஜெலட்டின் கட்டியில் சுட்டுப் பார்த்து, 12 அங்குலத்துக்குக் குறையாமல், 18 அங்குலத்துக்கு மிகாமல் குண்டு இறங்க வேண்டும் என்று அளவுகோல் வைத்தார்கள். குண்டு செய்யும் நுட்பம் வளர்ந்த பிறகு, சுமார் முப்பது வருடம் கழித்து, அதே எஃப்பிஐ ஒன்பது எம்எம்முக்கே திரும்பியது. சுடும்போது கையில் உதை குறைவு, தோட்டா அதிகம் பிடிக்கும், சராசரி ஆள் குறி தவறாமல் சுட முடியும் என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள்.

இதையெல்லாம் படித்து மண்டை நிறைந்த பிறகு மதுரையில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனேன். பெரியவர் ஒருவர் இருந்தார். "ஒன்பது எம்எம் இருக்கா அண்ணே?" என்றேன். சிரித்தார். "அது சர்க்கார் தோட்டா தம்பி. உங்க லைசென்ஸுக்கு வராது."

சட்டத்தின் கணக்கு வேறு. குண்டு எவ்வளவு ஆழம் இறங்கும், எவ்வளவு உதைக்கும் என்று அது பார்க்கவில்லை. ராணுவமும் போலீசும் சுடும் தோட்டாவை அந்தத் துப்பாக்கி ஏற்குமா என்று மட்டுமே பார்க்கிறது. ஒன்பது எம்எம், .380, .455 ஆகிய சர்வீஸ் தோட்டாக்களைப் போட்டுச் சுடக்கூடிய எந்தக் கைத்துப்பாக்கியும் தடை செய்யப்பட்ட வகை. அதற்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் டெல்லியில் உள்துறையிடம் இருக்கிறது. கலெக்டர் கொடுப்பது தடை செய்யப்படாத வகைக்கு மட்டும். சிப்பாய்க் கிளர்ச்சியைக் கண்டு பயந்த வெள்ளைக்காரன் காலத்துச் சிந்தனை இது என்பது என் கருத்து. தோட்டா திருட்டுப் போய் வெளியே புழங்கக்கூடாது என்ற கவலையில் நியாயம் இருக்கலாம். ஆனால் தற்காப்புக்கு எது நல்லது என்ற கேள்வியை அந்த விதி தொடவே இல்லை.

ஆக, மிஞ்சுவது .22, .25, .32. வேறு சில அபூர்வ அளவுகளும் உண்டு, தோட்டாவுக்கு நாயாய் அலைய வேண்டும். பொதுமக்களுக்கான துப்பாக்கி இறக்குமதி 1980-களிலேயே நிறுத்தப்பட்டதால், பழைய வால்தர், கோல்ட் போன்ற வெளிநாட்டுத் துப்பாக்கிகள் கைமாறும் விலை லட்சங்களில் இருக்கிறது. அப்பச்சி காலத்து அம்பாசிடரை இன்றைக்குப் புதுக் கார் விலைக்கு வாங்குவது மாதிரி அது. பேருக்கு ஆசைப்பட்டு வாங்கலாம், நம்பி உயிரை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

.22-ஐ நான் ஒதுக்கியதற்குக் காரணம் அதன் வலு மட்டுமில்லை. அந்தத் தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை அடிப்பாகத்தின் விளிம்புக்குள் பரவியிருக்கும். மற்றவற்றில் நடுவில் தனி மூடியாக இருக்கும். விளிம்பு வகையில் சில சமயம் அடித்தும் வெடிக்காமல் போவது அதிகம். பழகுவதற்கு அதைவிட மலிவும் சுகமும் வேறில்லை. இருட்டில் ஒரே ஒரு முறை வேலை செய்ய வேண்டிய கருவிக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

.25-ஐவிடப் பெரிய .32 என்று முடிவானதும் வேலை முடியவில்லை. .32-இல் இரண்டு ஜாதி இருக்கிறது, ஒன்றுக்கு உள்ளதை மற்றதில் போடக்கூடாது. சுழலும் உருளையில் தோட்டா போடும் ரிவால்வருக்கு 1896-இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங். கைப்பிடிக்குள் தோட்டா அடுக்கைச் செருகும் பிஸ்டலுக்கு ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1899-இல் வந்த ஏசிபி (ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டல்), அதாவது 7.65 எம்எம். கடையில் தோட்டா கேட்கும்போதே எது என்று சொல்ல வேண்டும். ஆற்றலில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 150 முதல் 180 ஜூல் வரை. ஒன்பது எம்எம்மில் இது 450-ஐத் தாண்டும். இதைச் சொன்னதும் அண்ணன் மகன், "அது கொசு அடிக்கிற மட்டை சித்தப்பா" என்றான். நூறு வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் பாதிப் போலீஸ்காரர்கள் இடுப்பில் தொங்கியது அந்தக் கொசு மட்டைதான் என்று பதில் போட்டேன்.

ரிவால்வரா பிஸ்டலா என்பதை முடிவு செய்ய உதவியவர், எனக்குத் திருச்சிப் பக்கம் பயிற்சி கொடுத்த ஓய்வுபெற்ற சுபேதார். திருச்சியில் 2022-இல் மாநிலத் துப்பாக்கிச் சுடும் போட்டி நடந்து, நடிகர் அஜித் வந்து சுட்டுப் பதக்கங்கள் வாங்கிப்போன பிறகு, துப்பாக்கி பழக வருகிறோம் என்றாலே எல்லோரும் அந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். சுபேதார் அதையெல்லாம் பேசவில்லை. முதலில் தோட்டா இல்லாத வெறும் ரிவால்வரைக் கையில் கொடுத்து, "இழுங்க" என்றார். பின்னால் இருந்து தோட்டாவை அடிக்கும் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்காமல் நேராக விசையை இழுத்தால் அது கனமாக, நீளமாக வருகிறது. முனை ஆடி, குறி சுவரில் எங்கோ போய்விடுகிறது. சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்து வைத்துவிட்டுச் சுட்டால் விசை லேசு, குறி நிற்கும். ஆனால் நடுங்கும் கையில் அந்த லேசான விசை ஆபத்து. அதனால் கனமான இழுப்பையே பழகச் சொன்னார். இன்றைக்கும் வெறும் துப்பாக்கியில் அதைத்தான் பழகுகிறேன்.

பிஸ்டல் தட்டையாக இருக்கும், இடுப்பில் உறுத்தாது, தோட்டாவும் ஆறுக்கு மேல் பிடிக்கும். எனக்கு ஆசை அதன் மேல்தான். சுபேதார் கேட்டது ஒரே கேள்வி: "வருஷத்துக்கு எத்தனை தடவை சுட்டுப் பழகுவீங்க?" உண்மையைச் சொன்னேன். கடையை விட்டு வருவது கஷ்டம், தோட்டாவும் லைசென்ஸில் எழுதிய அளவுக்கு மேல் வாங்க முடியாது. "அப்ப ரிவால்வர்" என்றார். தோட்டா வெடிக்கவில்லை என்றால் ரிவால்வரில் மறுபடி விசையை இழுத்தால் போதும், அடுத்த அறை வந்து நிற்கும். பிஸ்டலில் மேல்பாகத்தை இழுத்துவிட்டு, சிக்கிய தோட்டாவை வெளியேற்ற வேண்டும். அது கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழகாதவனுக்கு இருட்டில் வராது.

கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர்களில் இரண்டைப் பார்த்தேன். ஒன்று பழைய பிரிட்டிஷ் வெப்லி ரிவால்வர் வழியில் வந்த கனத்த மாடல், நடுவில் மடித்துத் திறப்பது. இன்னொன்று நிர்பீக், 2014-இல் பெண்களுக்கென்று சொல்லி வெளியிட்டது, டைட்டானியம் கலவையில் சுமார் 500 கிராம். அன்றைக்கே விலை 1,22,360 ரூபாய் என்று அறிவித்தார்கள். எந்தப் பெண் வாங்க முடியும் என்று யோசித்துத்தான் விலை வைத்தார்களா தெரியாது. லேசாக இருப்பது சுமக்கத்தான் சுகம், சுடும்போது அதே லேசு கையில் உதையாகத் திரும்புகிறது. .32-இல் அந்த உதை பெரிதில்லை என்றாலும் அடுத்த குறிக்குத் திரும்பும் நேரம் கூடுகிறது. நான் கனத்ததையே எடுத்தேன்.

வீட்டுக்கு இது உதவுமா என்று பலர் கேட்கிறார்கள். எங்கள் செட்டிநாட்டு வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முகப்பில் நின்று பார்த்தால் வளவு (நடு முற்றம்), இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேர்க்கோட்டில் தெரியும். பல வீடுகள் ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிபவை. அந்தக் கோட்டில் சுட்ட குண்டு குறி தவறினால் பின்வாசல் வழியே பின் தெருவில் போகிறவர் மேல் பாயும். பக்கவாட்டில் சுட்டால் கருங்கல் தூண். கல்லில் பட்ட குண்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று யாரும் சொல்ல முடியாது. சுண்ணாம்புச் சுவர் கனமானது, அதைத் துளைக்காது என்று ஆறுதல் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கோடுதான் பயம். ஆகவே வீட்டுக்குத் தேக்குக் கதவும் தாழ்ப்பாளும் நாயும் கேமராவும். ரிவால்வர் வழிக்கு.

வழியில் கொண்டுபோவதும் சும்மா இல்லை. வேட்டி இடுப்பில் அரைக்கிலோவுக்கு மேல் இரும்பு நிற்காது, வேட்டிக்குள் அகலத் தோல் பெல்ட் கட்டி அதில் உறையை மாட்டினேன். சுத்தியல் சட்டையில் மாட்டிக்கொள்ளும், அதற்கு மேல்மூடி உள்ள உறை தைக்கச் சொன்னேன். பொது இடத்தில் அது உறைக்குள்தான் இருக்க வேண்டும், எடுத்துக் காட்டி மிரட்டினாலே வழக்கு. கல்யாண வீட்டில் வானத்தை நோக்கிச் சுடுவது போன்ற வீரத்துக்கு ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சுடும் உரிமை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒரு வக்கீலிடம் உட்கார்ந்து கேட்டது, தோட்டா அளவைப் பற்றி யோசித்ததைவிடப் பயனுள்ளது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள். உயிருக்கு அல்லது கொடுங்காயத்துக்கு நியாயமான அச்சம் இருக்க வேண்டும். கொள்ளை, இரவில் வீடு உடைத்துப் புகுவது ஆகியவற்றுக்குத் தனியே இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, முதுகு காட்டி ஓடுகிறவனைச் சுட்டால் நீங்கள்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்பீர்கள்.

இன்னொரு சங்கதி, தேர்தல். தேதி அறிவித்ததும் லைசென்ஸ்காரர்களைக் கூப்பிட்டுத் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனிலோ கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, முடிந்ததும் திரும்ப வாங்க வேண்டும். அந்த வாரங்களில் ராத்திரிப் பயணத்தை நிறுத்திவிட்டு, பணத்தைப் பகலிலேயே வங்கியில் கட்டிவிடுகிறேன். யோசித்துப் பார்த்தால் மற்ற வாரங்களிலும் இப்போது பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறேன்.

வீட்டில் ரிவால்வர் இரும்புப் பெட்டியில் ஒரு பூட்டு, தோட்டா வேறு பீரோவில் வேறு பூட்டு. தோட்டாச் சாவி என் மனைவியிடம். "சாவி என்கிட்ட இருந்தாத்தான் இந்தச் சாமான் வீட்டுக்குள்ள வரும்" என்று வாங்கும் முன்பே சொல்லிவிட்டார், அந்தப் பேரம் எனக்குப் பிடித்தது. நம்ம ஊர் வேர்வை இரும்பைத் தின்றுவிடும். இடுப்பில் வைத்த நாள் இரவே துடைத்து எண்ணெய் போட வேண்டும். உடம்போடு அலைந்த தோட்டாக்களைத் தனியே குறித்து வைத்திருக்கிறேன். அடுத்த தடவை திருச்சி போகும்போது பயிற்சிக்கு அவற்றைத்தான் முதலில் சுடுவேன், புதுசு பெட்டியில் இருக்கும்.