42,000 ரூபாய் பவர் கார்டு

போன மாதம் திருச்சியில் இருந்து மாமா போன் செய்தார். ஆம்ப்ளிஃபயருக்குப் புதிதாக ஒரு பவர் கார்டு, அதாவது பிளக் பாயின்ட்டில் இருந்து கரண்ட் கொண்டுவருகிற ஒயர், வாங்கியிருக்கிறாராம். ஒன்றரை மீட்டர், 42,000 ரூபாய். "பாட்டுக்குப் பின்னாடி இருக்கிற நிசப்தம் கூடியிருக்குடா, வந்து கேளு" என்றார். விலையைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, விற்றவர் மேல். மாமா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் 34 வருஷம் வேலை பார்த்தவர், எதையும் அளந்து பார்க்காமல் பேசமாட்டார். அவருடைய செட்டின் மொத்த விலையே, ஆம்ப், ஸ்பீக்கர், பிளேயர் எல்லாம் சேர்த்து 1,20,000 ரூபாய்தான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்போது சுவருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் கிடக்கிற ஒயருக்குப் போயிருக்கிறது.

கரண்ட் வருகிற வழியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். துணை மின்நிலையத்தில் இருந்து கிலோமீட்டர் கணக்கில் அலுமினியக் கம்பி, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர், சர்வீஸ் ஒயர், மீட்டர், ஃபியூஸ், சுவருக்குள் வீடு கட்டின காலத்து ஒயரிங், அப்புறம்தான் பிளக் பாயின்ட். இத்தனையையும் தாண்டி வந்த மின்சாரத்தைக் கடைசி ஒன்றரை மீட்டர் என்ன செய்துவிட முடியும்? ஆம்ப்புக்குள் போன பிறகும் அந்த 230 வோல்ட் அப்படியே பாட்டாகிவிடுவதில்லை. உள்ளே இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் அதைக் குறைக்கிறது, ரெக்டிஃபயர் அதை ஒரே திசையில் ஓட வைக்கிறது, பெரிய கெப்பாசிட்டர்கள் அதைத் தேக்கி டிசியாகக் கொடுக்கின்றன. பாட்டு அந்த டிசியில் இருந்துதான் பிறக்கிறது. ஸ்பீக்கர் ஒயர் கதையும் இதுதான். 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரின் மின்தடை ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 7.4 ஓம். மூன்று மீட்டர் இழுத்தால், போக வர ஆறு மீட்டர் என்று வைத்தால், 0.045 ஓம்கூட வராது. 8 ஓம் ஸ்பீக்கரோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் சத்தம் குறைவது 0.05 டெசிபல் அளவுக்குத்தான், காதுக்குத் தெரியவே தெரியாது.

இது நம் ஊரில் மட்டும் நடக்கிற வியாபாரம் இல்லை. டெனான் மாதிரி நல்ல பெயர் எடுத்த நிறுவனமே 2008 வாக்கில் ஏகே-டிஎல்1 என்று ஒன்றரை மீட்டர் கேபிள் ஒன்றை 499 டாலருக்கு விற்றது. கம்ப்யூட்டருக்குப் போடுகிற நெட்வொர்க் கேபிள் வகைதான் அது, சிக்னல் எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்று மேலே திசைக் குறி வேறு. ஜப்பானில் 82 வயது வழக்கறிஞர் ஒருவர் தன் ஸ்டீரியோவுக்காகத் தனியாக ஒரு மின்கம்பமே நட்டுக்கொண்டதை 2016-இல் அமெரிக்க நாளிதழ் ஒன்று எழுதியது, செலவு 10,000 டாலர் அளவுக்கு. அந்தப் பெரியவருக்கு இசை மேல் இருக்கிற ஆசை எனக்குப் புரிகிறது. ஆசை இருப்பவர்களைத் தேடித்தான் இந்த வியாபாரமும் வருகிறது.

மாமாவிடம் இதையெல்லாம் போனில் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை கிளம்பிப் போனேன்.

கார்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கட்டை விரல் தடிமன், கறுப்பும் நீலமும் கலந்து பின்னிய நைலான் உறை, பாம்பு மாதிரி கனமாகத் தொங்கியது. 200 மணி நேரம் ஓடினால்தான் கேபிள் 'பழகும்' என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். மாமா ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்பார், அப்படியென்றால் 100 நாள். திருப்பிக் கொடுக்கிற கெடுவோ 15 நாள். எனக்குத் தெரிந்து கேபிள் பழகுவதில்லை, காதுதான் பழகுகிறது, அந்த 100 நாளில் 15 நாள் கெடு எப்போதோ ஓடிப்போயிருக்கும்.

மறுநாள் காலையில் சோதனை வைத்தோம். மாமா கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு சேரில் உட்கார்ந்தார். அத்தை காசு சுண்டினார், தலை விழுந்தால் புதுக் கார்டு, பூ விழுந்தால் ஆம்ப்போடு வந்த பழைய கார்டு. எது மாட்டினாலும் இரண்டையும் ஒரு தடவை கழற்றி மாட்ட வேண்டும், சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக. 16 தடவை. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அத்தை குறித்துக்கொண்டார். 16-இல் 12 சரியாகச் சொன்னால் அதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று தள்ளுவது கஷ்டம், எட்டு ஒன்பது என்றால் காசு சுண்டுவதற்குச் சமம். எட்டு ஒன்பதுதான் வரும் என்று நான் உறுதியாக நம்பினேன்.

மாமா 15 சரியாகச் சொன்னார்.

நான் பேச்சில்லாமல் நின்றேன். அத்தை தாளை இரண்டாவது தடவை எண்ணிப் பார்த்தார், 15-தான். எப்படி மாமா கண்டுபிடிச்சீங்க என்று கேட்டேன். "பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும்டா, பழசுல லேசா ஒரு உறுமல் இருக்கு" என்றார். போய் ஸ்பீக்கரில் காதை வைத்தேன். இருந்தது. அடியில், தாழ்ந்த சுருதியில் விடாமல் ஒரு ம்ம்ம். புதுக் கார்டை மாட்டச் சொன்னேன், அந்த ம்ம்ம் போய்விட்டது. அவர் சொன்ன நிசப்தம் நிஜம்தான்.

ஒயரால் இது முடியாது என்று எனக்குத் தெரியும், ஆனால் காதில் விழுந்ததையும் மறுக்க முடியாது. அப்படியென்றால் இரண்டு கார்டுக்கும் நடுவில் ஒயரைத் தவிர வேறு ஏதோ வித்தியாசம் இருக்க வேண்டும். மாமாவின் மல்டிமீட்டரை எடுத்து கன்டின்யூட்டியில் வைத்துப் புதுக் கார்டைச் சோதித்தோம், ஒயர் முனைக்கு முனை அறாமல் இருந்தால் மீட்டர் பீப் அடிக்கும். பேஸ் பின்னில் இருந்து அந்த முனைக்கு, பீப். நியூட்ரல், பீப். எர்த், அந்தப் பெரிய பின்னில் ஒரு ப்ரோபை வைத்து மறுமுனையில் நடுத் துளைக்குள் இன்னொன்றை விட்டேன். சத்தம் இல்லை. அழுத்திப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன், இல்லை.

பிளேடை எடுத்தது மாமாதான். 42,000 ரூபாயாச்சே என்று நான் தயங்கினேன், அவர் தயங்கவில்லை. நைலான் உறைக்குள் தடிமனுக்காகப் பருத்திக் கயிறு சுற்றியிருந்தது, அதற்குள் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கிற 2.5 எம்எம் மூன்று கோர் ஒயர். மேலே அந்த அளவுகூட வெள்ளை எழுத்தில் அச்சாகி இருந்தது, அதை அழிக்கவும் யாரும் மெனக்கெடவில்லை. பிளக்கைக் கழற்றினால் பச்சை ஒயர் திருகில் இல்லை. அறுந்துபோகவில்லை, மறந்துபோகவும் இல்லை. அளவாக வெட்டி, முனையில் ஹீட் ஷ்ரிங்க் டியூப் போட்டு, சூடு காட்டி, ஓரமாக மடித்து வைத்திருந்தார்கள். தெரிந்தே எர்த்தை எடுத்திருக்கிறார்கள்.

இப்போது உறுமலுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. கேபிள் டிவி ஒயரின் வெளி உறை வெளியே எங்கோ எர்த் ஆகியிருக்கிறது. அது செட் டாப் பாக்ஸுக்கு வந்து, அங்கிருந்து சிவப்பு வெள்ளை ஆடியோ ஒயர் வழியாக ஆம்ப்புக்கு வருகிறது. ஆம்ப்புக்குப் பிளக் வழியாக இன்னொரு எர்த். இரண்டு எர்த்துக்கும் இடையில் கொஞ்சம் வோல்டேஜ் வித்தியாசம் இருந்தாலே போதும், அந்த வளையத்தில் கரண்ட் சுற்றும், அதுதான் ம்ம்ம் என்று கேட்கும். கிரவுண்ட் லூப் என்பார்கள். ஆம்ப்பின் எர்த்தை வெட்டினால் வளையம் அறும், உறுமல் நிற்கும். செட் டாப் பாக்ஸின் ஆடியோ ஒயரைப் பிடுங்கிப் பார்த்தேன், பழைய கார்டிலேயே உறுமல் நின்றது.

பணத்தைப் பற்றிய கோபம் எனக்கு அந்த நிமிஷத்தில் போய்விட்டது, வயிறு கலங்கியது. அந்த ஆம்ப்புக்கு இரும்புப் பெட்டி. உள்ளே டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் என்றைக்காவது கெட்டு பேஸ் பெட்டியைத் தொட்டால், எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும், அதோடு முடிந்தது. எர்த் இல்லையென்றால் பெட்டி 230 வோல்ட்டில் உட்கார்ந்திருக்கும், யாராவது கை வைக்கிற வரைக்கும். மாமா வீடு பழைய வீடு, கசிவு கண்டால் டிரிப் ஆகிற ஆர்சிசிபியும் கிடையாது. வால்யூமைத் திருகுவதுதான் அவர் பேத்திக்கு விளையாட்டே. மாமா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் மெயினை ஆஃப் செய்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

உறுமலுக்கு நிஜமான வைத்தியம் 350 ரூபாயில் முடிந்தது. டிவியில் இருந்து ஆம்ப்புக்கு ஒரு ஆப்டிகல் கேபிள். அதில் போவது வெளிச்சம், கரண்ட் போக வழியே இல்லை, அதனால் வளையமும் இல்லை. சிவப்பு வெள்ளை ஒயரைக் கழற்றி எறிந்தோம். சாயங்காலம், பச்சை ஒயரைத் திருகில் ஒழுங்காக மாட்டிய பிறகு, அதே இரண்டு கார்டோடு இன்னொரு 16 தடவை. இந்த முறை மாமா சொன்னதில் 9 சரி. மாற்றி மாட்ட ஒரு நிமிஷம் ஆகிறது, காதின் ஞாபகம் அவ்வளவு நேரம் தாங்காது என்று யாராவது சொல்லலாம், நியாயமான பேச்சுதான். ஆனால் காலையிலும் அதே ஒரு நிமிஷம்தான் ஆனது, அப்போது 15 வந்தது.

அதனால்தான் இந்த மாதிரி பொருள் வாங்குகிறவர்களை முட்டாள்கள் என்று சொல்லும்போது எனக்கு ஒப்பவே இல்லை. சில நேரம் வித்தியாசம் நிஜமாகவே இருக்கும், காரணம் வேறாக இருக்கும். சில நேரம் நம்பிக்கையே கேட்பதை மாற்றும், அது யாருக்கும் நடக்கும். மொபைல் ஃபிடெலிட்டி விஷயம் ஞாபகம் இருக்கிறதா? அமெரிக்காவில் மூல டேப்பில் இருந்து இசைத்தட்டு செய்து உயர்ந்த விலைக்கு விற்கிற பழைய நிறுவனம், ஒரு ஆல்பம் 125 டாலருக்குக்கூடப் போகும். டிஜிட்டல் நடுவில் வந்தால் உயிர் போய்விடும் என்று உறுதியாகச் சொல்கிற ரசிகர்கள்தான் அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர்கள். ஒரு ஆல்பத்தை 40,000 பிரதி போடப்போவதாக அறிவித்தபோது, அத்தனை தட்டுக்கு, ஓட்ட ஓட்டத் தேய்கிற மூல டேப்பை எத்தனை தடவை ஓட்டுவார்கள் என்ற சந்தேகம் எழுந்தது. 2022-இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்து இசைத்தட்டுக் கடைக்காரர் ஒருவர் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார், நிறுவனத்தின் இன்ஜினியர்களே ஒப்புக்கொண்டார்கள். 2011-இல் இருந்தே பல தட்டுகளில் டேப்பை டிஎஸ்டி என்ற டிஜிட்டல் வடிவத்துக்கு மாற்றி, அதில் இருந்துதான் தட்டை வெட்டியிருக்கிறார்கள். பத்து வருஷத்துக்கு மேல் அந்தத் தட்டுகளை, டிஜிட்டல் கலக்காத அனலாக்கின் உச்சம் என்று விமர்சகர்கள் கொண்டாடினார்கள். வழக்கு வந்தது, நிறுவனம் 2.5 கோடி டாலர் வரை ஈடு கொடுக்க ஒப்புக்கொண்டது. அந்தத் தட்டுகள் கேட்க நன்றாகவே இருந்தன, அதில் பொய் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னதுதான் பொய்.

விற்றவருக்கு மாமா போன் செய்தார், நான் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன். எர்த் வழியாகத்தான் இரைச்சல் வருகிறது, அதனால் பிரித்து வைத்திருக்கிறோம், வெளிநாட்டுத் தொழில்நுட்பம் என்றார் அந்த ஆள். ஆள் செத்தா என்ன பண்ணுவீங்க தம்பி என்று மாமா கேட்டதற்கு, சார் உறையை வெட்டிட்டீங்க, இனி ரிட்டர்ன் எடுக்க முடியாது என்று பதில் வந்தது. மாமா குரலை உயர்த்தவே இல்லை. பில்லையும் பச்சை ஒயரின் போட்டோக்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் பதிந்தோம். பணம் வருமா என்று தெரியாது, அதற்காக மட்டும் புகார் கொடுக்கவும் இல்லை.

கிளம்பும் முன் ஸ்பீக்கர்களை மூலையில் இருந்து இரண்டடி முன்னால் இழுத்துப் போட்டோம், எதிர்ச் சுவரில் கனமான திரைச்சீலை ஒன்றை அத்தை மாட்டினார். மிருதங்கத்தின் தொப்பியில், அந்த இடப்பக்கத்துத் தாழ்ந்த ஒலியில், இருந்த கொழகொழப்பு போய்விட்டது. பழைய கார்டுதான் மாட்டியிருக்கிறது.

மாமாவின் நண்பர்கள் இரண்டு பேர் இதே ஆளிடம் இதே கார்டை வாங்கியிருக்கிறார்கள், ஒருவர் ஸ்ரீரங்கத்தில், ஒருவர் தஞ்சாவூரில். போனிலேயே பிளக்கைப் பிடுங்கி வைக்கச் சொல்லியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் போகிறோம்.