குளோரைடு

மார்ச் 3
தங்கைக்குக் குறைமாதத்தில் பிறந்த பையன் 1,240 கிராம். நேற்றைவிட 20 குறைவு. முதல் வாரத்தில் இறங்கத்தான் செய்யும் என்கிறார்கள்.

மார்ச் 4
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. அப்புறம் வலது கால் மட்டும் உதறிக்கொண்டே இருந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, "வலிப்பாம்மா இது?" என்றார். சிஸ்டர் பதறவில்லை. வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, காலை மெதுவாக மடக்கிப் பிடித்தார். நின்றுவிட்டது. பிடித்தால் நிற்பது உதறல், பிடித்த கைக்குள்ளும் துடித்தால் வலிப்பு. அப்படித்தான் முதலில் பார்ப்பார்களாம்.

மார்ச் 5, இரவு
தூக்கம் இல்லை. அந்தக் கால்.

ப்ளஸ் டூ பாடத்தில் காபாவும் கிளைசினும் நரம்பணுவை அடக்கும் கடத்திகள், நரம்புகளுக்கிடையே செய்தி சொல்லும் வேதிப்பொருட்கள். அது வளர்ந்த உடம்பின் கணக்கு. கருவின் தண்டுவடத்தில் அதே காபா நரம்பணுவைத் தூண்டிவிடுகிறது. இளம் நரம்பணுவுக்குள் குளோரைடு, உப்பில் இருக்கும் அந்த எதிர்மின் துகள், அதிகம். என்கேசிசி1 என்ற புரதம் அதை உள்ளே இழுத்து வைத்திருக்கிறது. காபா கதவைத் திறந்ததும் குளோரைடு வெளியே பாய்கிறது, அணு கிளர்ந்தெழுகிறது. பிறகு கேசிசி2 என்ற இன்னொரு புரதம் பெருகி, குளோரைடை வெளியே தள்ளத் தொடங்கும். அதே காபா, அதே கதவு, ஆனால் இப்போது குளோரைடு உள்ளே வரும், அணு அடங்கும். எலியின் தண்டுவடத்தில் இந்த மாற்றம் பிறப்பை ஒட்டிய நாட்களில்தான்.

இவன் 31 வாரத்திலேயே வந்துவிட்டான்.

அந்தக் கிளர்ச்சி வீணும் இல்லை. எலி இனத்துக் கருக்களில் தண்டுவடம் தானாகவே அலை அலையாகத் துடிக்கிறது. முதலில் அசிட்டைல்கோலின் என்ற கடத்தி முன்னின்று நடத்துகிறது, பிறகு குளூட்டமேட் என்ற இன்னொன்று பொறுப்பேற்கிறது. கோழிக் கருவில் அந்தத் துடிப்பின் வேகத்தை மருந்து கொடுத்து மாற்றியபோது, தசைக்குப் போகும் நரம்பு நார்கள் வழி தவறின. துடித்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். துடிக்கட்டும். ஆனால் எவ்வளவு?

மார்ச் 6
பால் 2 மில்லி, ட்யூபில். கக்கவில்லை.

மார்ச் 7
பாலக்கோட்டிலிருந்து வந்த உறவுக்காரர் வராந்தாவில் உட்கார்ந்து, "ஏழு மாசம்னா தங்கும், எட்டுல விழுந்ததுன்னா கஷ்டம்" என்று விரல் விட்டு எண்ணினார். தங்கை காதில் விழுந்துவிட்டது. எழுந்து போகச் சொல்லிவிட்டேன். வயதில் பெரியவர். சொன்னது சொன்னதுதான்.

மார்ச் 9
மாமாவைக் கூட்டிவந்தார்கள். புளி உலுக்க ஏறி விழுந்து முதுகு போனவர். வாசலில் சக்கர நாற்காலியைத் திருப்பும்போது அவர் கால்கள் விறைத்து உதறின, தொடையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அடிபட்ட தண்டுவடத்தில் கேசிசி2 குறைகிறது. எலிகளில் 2010இல் காட்டினார்கள். குளோரைடு மறுபடி உள்ளே தேங்குகிறது, அடக்கும் பேச்சு எடுபடாமல் போகிறது. விறைப்புக்கு அவர் விழுங்கும் பாக்லோஃபெனும் காபா வந்து ஒட்டும் வேறொரு இடத்தில், வேறொரு ஏற்பியில்தான் வேலை செய்கிறது. அறுபது வயதுக்காரரும் பிறந்த பிள்ளையும் ஒரே உப்பில் வந்து நிற்கிறார்கள். யாரிடம் சொல்வது இதை?

மாமா, "மூக்கு நம்ம வீட்டு மூக்கு" என்றார். அழுதுவிட்டேன்.

மார்ச் 10
மூச்சு நின்று அலாரம் அடித்தது. உள்ளங்காலைத் தேய்த்ததும் வந்துவிட்டது. மூச்சைத் தூண்டக் கஃபீன் தொடங்கியிருக்கிறார்கள்.

மார்ச் 11
தங்கை நெஞ்சோடு கட்டி ஒரு மணி நேரம் வைத்திருந்தாள். ஒரு உதறல்கூட இல்லை. கோட்டைக் காமாட்சிக்கு அம்மா என்னென்னவோ வேண்டிக்கொண்டிருக்கிறார். செய்வோம், எல்லாமே செய்வோம்.

தண்டுவடம் அடங்கப் பழக, மூளைத்தண்டிலிருந்து செரோட்டோனின் என்ற கடத்தியைச் சுமக்கும் நரம்பு நார்கள் அதற்குள் கீழே இறங்க வேண்டும். எலியில் பிறக்கும் முன்பே இடுப்புப் பகுதியைத் தொட்டுவிடுகின்றன, முழுதாகப் பரவப் பிறந்து மூன்று வாரம்போல ஆகும். இவனுக்கு எங்கே வந்திருக்கும்? முழங்காலை ஆளும் இடத்துக்கா, பாதத்தை ஆளும் இடத்துக்கா?

மார்ச் 12
இன்று காலை உதறல், பிடித்தும் நிற்கவில்லை என்கிறாள் தங்கை. நின்றது என்கிறார் சிஸ்டர். நான் அப்போது நால்ரோட்டில் மருந்து வாங்கிக்கொண்டிருந்தேன். உச்சிக்குழி வழியாகத் தலை ஸ்கேன் இன்றே எடுக்கிறார்கள்.

வலிப்புதான் என்றால் பீனோபார்பிட்டோன் போடுவார்கள். அது காபாவுக்குக் கை கொடுக்கும் மருந்து. பச்சைக் குழந்தைகளில் பாதிப் பேருக்கு அது ஒன்றே போதுவதில்லை. இவனுக்குள் குளோரைடு இன்னும் இறங்காமல் இருந்தால்? டாக்டர் பதினோரு மணிக்கு வருகிறார். இதை அவரிடம் முதலில்