கரண்ட் போன பின்னேரம்

அந்த வீடியோப் படக் கொப்பிக்கு மட்டைகூட இல்லை. கொழும்பில் இருந்து யாரோ கொண்டுவந்து, நாலைந்து கை மாறி, எங்கள் மனைப்பொருளியல் டீச்சரிடம் வந்து சேர்ந்திருந்தது. மேலே ஒட்டிய வெள்ளைத் துண்டில் பேனையால் எழுதியிருந்த பெயர் பாதி அழிந்துவிட்டது. மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்துச் சென்றியில் ஆமிக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "ஹிந்திப் படம்" என்று டீச்சர் சொல்ல, சிரித்துக்கொண்டு விட்டுவிட்டாராம். டீச்சர் பொய் சொல்லவில்லை. அது ஹிந்திப் படம்தான். பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை, அவ்வளவுதான்.

பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாங்க அக்கா என்று தம்பி மூன்று தரம் போன் எடுத்துவிட்டார். இல்ல விளையாட்டுப் போட்டியைப் பற்றியும் சரஸ்வதி பூசை அவலைப் பற்றியும் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஒரு போட்டியிலும் ஓடினவள் இல்லை. எனக்கு எழுத வருவது 1996 ஆம் ஆண்டின் ஒரு சனிக்கிழமை பின்னேரம் மட்டுந்தான்.

அந்த வருடம் மழை பொய்த்து, மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடு முழுக்க மின்வெட்டு. எங்களுக்கு அது பெரிய புதினமாகப் படவில்லை. கரண்ட் இல்லாமல் வாழ நாங்கள் அதற்கு முன்பே பழகியிருந்தோம். படத்தைப் பள்ளிக்கூடத்தில் போடத்தான் டீச்சர் முதலில் கேட்டா. "ஏ.எல். (உயர்தர) பிள்ளைகளுக்கு இது தேவையா?" என்று பதில் வந்ததாம். அதற்குமேல் அவ வாதாடவில்லை. எட்டுப் பேரைத் தெரிந்தெடுத்து, தன் வீட்டு விறாந்தையில் டெக்கை வைத்தா. டீச்சரின் தாய், நாங்கள் பெத்தா என்று கூப்பிடுகிறவ, பாக்குவெட்டியோடு மூலையில் இருந்தா. பக்கத்து வளவில் இடியப்பம் அவித்து விற்கிற அக்காவும் வேலியால் எட்டிப் பார்த்துவிட்டு வந்து குந்தினா.

படத்தின் பெயர் 'சம்திங் லைக் எ வார்'. யுத்தம் போன்ற ஒன்று என்று சொல்லலாம். யுத்தத்துக்குள் இருந்த எங்களுக்கு அந்தப் பெயர் கொஞ்சம் பகிடியாகத்தான் பட்டது. 1991 இல் வந்த ஆவணப்படம். இந்திய அரசின் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம்தான் விஷயம். 1952 இலேயே அப்படியொரு திட்டத்தைத் தொடங்கிய நாடு இந்தியா. அவசரகாலச் சட்டம் இருந்தபோது, 1976 இல், ஒரே ஆண்டில் அறுபது லட்சத்துக்கு மேற்பட்ட ஆண்களுக்குக் கருத்தடைக்காக வெட்டித் தள்ளினார்கள். அந்தக் கோபம் அரசாங்கத்தையே கவிழ்த்தது. அதோடு ஆண்களைத் தொட அரசியல்வாதிகளுக்குப் பயம் வந்துவிட்டது. பிறகு முழுப் பாரமும் பெண்ணின் வயிற்றில் இறங்கியது. இதெல்லாம் டீச்சர் படத்தை நிறுத்தி நிறுத்திச் சொன்னது. ஹிந்தி அவவுக்கும் தெரியாது. அடியில் ஓடிய இங்கிலீசு எழுத்தை வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தா.

ஒரு கருத்தடை முகாம். பெண்கள் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். ஒரு டொக்டர் கருவியை வயிற்றில் இறக்குகிறார், எடுக்கிறார், அடுத்த ஆள். முதன்முதல் செய்தபோது தனக்கு 45 நிமிடம் எடுத்ததாம், இப்போது 45 செக்கன் போதுமாம். கமராவைப் பார்த்துப் பெருமையாகச் சொல்கிறார். பெத்தாவின் பாக்குவெட்டி நின்றது. "ஆட்டுக் கொட்டிலிலயும் இதவிட மெதுவாத்தான்கா செய்வாங்க" என்றா.

அடுத்து வேறொரு காட்சி. பெண்கள் வட்டமாக இருந்து, ஒரு பெண்ணின் உடம்பைப் படமாக வரைந்து, தங்கள் தங்கள் உடம்பைப் பற்றிப் பேசுகிறார்கள். சிரிக்கிறார்கள். மனைப்பொருளியல் புத்தகத்தில் இருந்த அதே படம்தான், ஆனால் நாங்கள் அதை மனப்பாடம் செய்த விதத்துக்கும் அவர்கள் பேசின விதத்துக்கும் எவ்வளவோ தூரம்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

சிமினி விளக்கைக் கொளுத்தினோம். எழும்பிப் போவதா, இருப்பதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. இடியப்ப அக்காதான் முதலில் வாய் திறந்தா.

"எனக்கும் எல்.ஆர்.டி. செஞ்சவங்கதான் டீச்சர். மூணாவது புள்ளையோட. ஒரு தாளத் தந்து கையெழுத்து வை எண்டாங்க, வெச்சன். என்னத்துக்கு எண்டு மறுகாதான் தெரியும்."

"அவர்கிட்டக் கேக்கல்லயா?"

"அவருக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது."

எல்.ஆர்.டி. என்றால் பெண்ணுக்குச் செய்யும் கருத்தடை வெட்டு. எண்பதுகளில் நம் நாட்டிலும் அந்தச் சத்திரசிகிச்சைக்கு அரசாங்கம் காசு கொடுத்தது. அக்காவுக்கும் கிடைத்திருந்தது. "அந்தக் காசில பன்பாய் ஒண்டு வாங்கினன். அதும் கிழிஞ்சு போச்சு" என்றா. எந்த ஆஸ்பத்திரி என்று அவ சொன்னா, நான் எழுதவில்லை. அன்றைக்கு யாரும் அழவில்லை. பெத்தா தன் கதையைச் சொன்னா, டீச்சர் தான் சொல்லவே மாட்டா என்று நாங்கள் நினைத்திருந்த ஒன்றைச் சொன்னா. எட்டு மணிக்குக் கரண்ட் வந்தபோது படத்தைத் திரும்பப் போட ஒருத்தருக்கும் நினைவு வரவில்லை. அதன் கடைசி இருபது நிமிடத்தை நான் பார்த்தது பத்து வருடத்துக்குப் பிறகு, ரொறொன்ரோவில்.

எடுத்தவர் பெயர் தீபா தன்ராஜ் என்று டீச்சர் சொல்லியிருந்தா. தன்ராஜ் என்றால் நம்மாளா என்று ஒருத்தி கேட்டாள். பெங்களூரில் இருந்து வேலை செய்கிறவர் என்பதற்குமேல் டீச்சருக்கும் தெரியாது. இங்கே வந்த பிறகு, நூலகத்திலும் பல்கலைக்கழகத் திரையிடல்களிலும் தேடித் தேடித்தான் மிச்சத்தை அறிந்தேன்.

1980 இல் தீபாவும் ஆபா பையா, மீரா ராவ், நவ்ரோஸ் கான்ட்ராக்டர் என்ற தோழர்களும் சேர்ந்து 'யுகாந்தர்' என்றொரு குழு அமைத்தார்கள். நவ்ரோஸ் தீபாவின் கணவர், கமராவும் அவர்தான். மூன்றே வருடத்தில் நாலு படம். முதல் படம் 'மோல்கரின்' (வீட்டு வேலைக்காரி), புனே நகரத்து வீட்டு வேலைக்காரப் பெண்கள் ஒன்றுசேர்ந்து வேலையை நிறுத்திய கதை. அதைப் பார்த்தபோது என் மனம் ஏ.எல். வகுப்புக்குத்தான் போனது. எங்கள் வகுப்பில் ஆறு பேருடைய அம்மாமார் சவூதியிலும் குவைத்திலும் வீட்டு வேலையில் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளிடம்தான் நல்ல பேனை இருக்கும், நல்ல சென்ற் மணக்கும். பெற்றார் கூட்டத்துக்கு அம்மம்மாமார் வருவார்கள். அம்மா என்ன வேலை செய்கிறா என்று யாராவது கேட்டால் "வெளிநாட்டில" என்று மட்டும் சொல்வார்கள். வேலையின் பெயரைச் சொல்ல அவர்களுக்கு வாய் வராது, எங்களுக்கும் கேட்கத் தெரியாது. புனேப் பெண்களோ அந்த வேலையின் பெயரை வைத்தே சங்கம் கட்டியிருந்தார்கள்.

இரண்டாவது படம் கர்நாடகத்து நிப்பாணியில் புகையிலைத் தொழிற்சாலைப் பெண்களோடு. குழு மாதக்கணக்கில் அங்கே தங்கி, அவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் எதைப் படம் பிடிப்பது என்று முடிவுசெய்தது. மூன்றாவது தெலுங்கில், ஹைதராபாத்துப் பெண்கள் அமைப்பான ஸ்த்ரீ சக்தி சங்கடனாவோடு சேர்ந்து எடுத்தது. பெயர் 'இதி கத மாத்ரமேனா', இது வெறும் கதைதானா என்று அர்த்தம். வீட்டுக்குள் அடிவாங்குகிற பெண்ணைப் பற்றியது. நாலாவது இமயமலை அடிவாரத்தில், மரத்தைக் கட்டிப்பிடித்துக் காத்த சிப்கோப் பெண்களோடு. பெர்லினில் இருக்கும் ஆர்சனல் நிறுவனம் பழைய பிரதிகளைச் சரிசெய்து திரும்ப வெளியே கொண்டுவந்ததால்தான் நான் இவற்றைப் பார்க்க முடிந்தது. நம்முடைய நாடகங்களை, கூத்துகளை, வீடியோக்களை இப்படி எடுத்து வைக்க யாரும் இல்லையே என்ற எரிச்சலும் வந்தது. சங்கத்தில் காசு சேர்ப்பது மதில் கட்ட மட்டுந்தானா? சரி, அது வேறு கதை.

தீபாவின் 'க்யா ஹுவா இஸ் ஷஹர் கோ' படத்தைப் பற்றி எழுத எனக்குக் கை கூசுகிறது. இந்த ஊருக்கு என்ன நடந்தது என்று பெயர். 1984 இல் ஹைதராபாத்தில் நடந்த இந்து முஸ்லிம் கலவரத்தை வைத்து 1986 இல் வந்தது. ஊரடங்கு, ஊர்வலம், அடைத்த கடை, யார் தொடங்கினார்கள் என்று ஆளுக்கொரு கதை. ஹைதராபாத் என்ற பெயரை மறைத்துவிட்டால் எங்கள் ஊர்தான்.

எட்டாம் வகுப்பு வரைக்கும் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள் காத்தான்குடி முஸ்லிம் பிள்ளை. என் சாப்பாட்டுப் பெட்டியில் அவளுக்குப் பாதி, அவளுடையதில் எனக்கு முக்கால். 1990 ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். செப்ரெம்பர் 9 ஆம் திகதி சத்துருக்கொண்டானில் கைக்குழந்தைகள் உட்பட நூற்றெண்பதுக்கு மேற்பட்ட தமிழ்ச் சனத்தை இராணுவம் கொன்றது. பள்ளிக்கூடம் திரும்பத் திறந்தபோது வாங்கில் அவள் இருந்த பக்கம் காலி. ஏன் வரவில்லை என்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இடாப்பில் அவளுடைய பெயரைக் கூப்பிடுவது எப்போது நின்றது என்றும் எனக்கு ஞாபகம் இல்லை. நான் அதைக் கவனிக்கவில்லை என்பதுதான் உண்மை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பதினோராம் வகுப்பில் விவாதப் போட்டி. "மட்டக்களப்பில் பெண்ணுக்கே உரிமை அதிகம்" என்பது தலைப்பு. நான் ஆம் என்ற பக்கம். தாய்வழிக் குடி, கண்ணகி அம்மன் சடங்கு, வீடு மகளுக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவது என்று வெளுத்து வாங்கிக் கப் எடுத்தேன். கைதட்டல் முடிந்து கீழே வந்ததும் மனைப்பொருளியல் டீச்சர் மெதுவாகக் கேட்டா: "உங்கட வீடு அம்மாட பேர்லதானே மகள். ஈடு வெச்சது ஆரு?" அப்பாதான் வைத்தார். 90 ஆம் ஆண்டு இடம்பெயர்ந்த நேரம், வேறு வழியும் இருக்கவில்லை, அவரைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டு உறுதிப் பத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டினார், அம்மா கையெழுத்து வைத்தா. இடியப்ப அக்கா வைத்த மாதிரியே. அந்தக் கப் இப்போதும் எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது.

தீபா பிறகும் நிற்கவில்லை. சனத்தொகைப் பெருக்கத்தால்தான் வறுமை என்ற வாதத்தை 1994 இல் 'த லெகசி ஒஃப் மால்தஸ்' படத்தில் பிரித்துப் போட்டார். ஹைதராபாத் மத்திய பல்கலைக்கழக மாணவன் ரோஹித் வெமுலா 2016 ஜனவரியில் உயிரை மாய்த்த பிறகு எழுந்த தலித் மாணவர் போராட்டத்தை 2018 இல் படமாக்கினார். பெண்ணை விட்டு இப்போது சாதிக்குப் போய்விட்டார் என்று இங்கே ஒருவர் சொன்னார். முதல் படத்தில் வீடு கூட்டின பெண்கள் எந்தச் சாதி என்று அவர் யோசித்திருக்கமாட்டார்.

எனக்குப் பிடித்தது 2011 இல் வந்த 'இன்வோக்கிங் ஜஸ்ரிஸ்'. நீளம் கொஞ்சம் கூட என்பது என் எண்ணம், இருந்தும் பிடித்தது. தமிழ்நாட்டில் முஸ்லிம் குடும்பப் பிணக்குகளை ஜமாஅத் என்ற ஊர்ச்சபையில் ஆண்கள் இருந்து தீர்ப்பார்கள். பெண்ணின் வழக்கு என்றாலும் பெண் உள்ளே போக முடியாது. புதுக்கோட்டை ஷரீஃபா கானமும் அவரோடு நின்ற பெண்களும் 2004 இல் தங்களுக்கென்று ஒரு பெண்கள் ஜமாஅத்தைத் தொடங்கினார்கள். படம் வந்த காலத்தில் அது 12 மாவட்டங்களில் 12,000 உறுப்பினர்களாக வளர்ந்திருந்தது. அவர்கள் பொலிஸ் நிலையம் போகிறார்கள், கணவன் வீட்டுக்குப் போகிறார்கள், ஆண்கள் ஜமாஅத்தோடு முகத்துக்கு முகம் வாதாடுகிறார்கள். படம் தமிழில். டீச்சர் பக்கத்தில் இருந்து சொல்லித் தரத் தேவையில்லை.

அதை நான் தனியாகப் பார்க்கவில்லை. அந்த எட்டாம் வகுப்புத் தோழி சில வருடத்துக்கு முன் பேஸ்புக்கில் என்னைக் கண்டுபிடித்தாள். முதல் மூன்று மாதம் பிள்ளைகளைப் பற்றியும் சீனி வருத்தத்தைப் பற்றியும் மட்டுமே பேசினோம். வாங்கைப் பற்றிப் பேச எனக்கு ஒரு வருடம் எடுத்தது. "வாப்பா விடல்ல புள்ள, மறுகா நானும் கேக்கல்ல" என்று முடித்துவிட்டாள். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்க, கறி அடிப்பிடிக்குது என்று போனை வைத்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கு இரவு, எனக்குக் காலை, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படத்தை ஓடவிட்டு வாட்ஸ்அப்பில் இருந்தோம்.

நெடுநேரம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. போன் வெட்டுப்பட்டுவிட்டதோ என்று நினைத்தேன். ஓரிடத்தில் அந்தப் பெண்கள் வட்டமாக இருந்து ஒரு வழக்கைப் பேசும்போது சொன்னாள்: "காழிக்கிட்டப் போனா எனக்குப் பேச்சு வராது புள்ள. இவங்க எப்படிப் பேசுறாங்க பாத்தியா."

இலங்கையில் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் 1951 ஆம் ஆண்டினது. அந்தச் சட்டப்படி விவாக வழக்குகளை விசாரிக்கும் காழியாக ஆண்தான் இருக்கலாம். நிகாஹ் பதிவில் மாப்பிள்ளை, பெண்ணின் வலியாக, அதாவது பொறுப்பாளராக, நிற்கும் தகப்பனோ சகோதரனோ, நிகாஹ் நடத்துகிறவர் கையெழுத்து வைத்தால் போதும், மணப்பெண்ணிடம் கேட்டதில்லை. திருத்துவதற்கு 2009 இல் ஒரு குழு அமைத்தார்கள். அது அறிக்கை கொடுத்தது 2018 இல். அந்த ஒன்பது வருடத்தில் எத்தனை பிள்ளைகள் கலியாணம் கட்டியிருப்பார்கள் என்று அவள் கேட்டாள்.

நான் இடியப்ப அக்காவின் தாளைச் சொன்னேன். அம்மாவின் உறுதியைச் சொன்னேன். எங்கட ஆக்களுக்கு என்னவென்று தெரியாமலே கையெழுத்து வைப்பிச்சாங்க என்றேன்.

"எனக்குக் கையெழுத்தே கேக்கல்லயே" என்றாள். சிரித்தாளா என்று சரியாக விளங்கவில்லை. "மகளுக்கு அடுத்த வருசம் கலியாணம் வெச்சிருக்கம். நிகாஹ் பதிவுக் கொப்பியில இடம் இல்லாட்டியும் ஒரு ஓரத்தில பேர எழுதி வெய்யிடி எண்டு சொல்லியிருக்கன். அவட வாப்பாக்கு இன்னும் தெரியாது."