27 இன்ச் மானிட்டர் கடைசியில் முழுத் தெளிவில் வந்துவிட்டது

நேற்று ராத்திரி பதினொன்றே காலுக்கு அதன் முழு அளவான 2560 × 1440 பிக்சல் வந்தது. 60 ஹெர்ட்ஸ், நடுக்கம் இல்லை, மினுக்கம் இல்லை. இதையும் அந்தத் திரையில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். காலையிலிருந்து நாலு மணி நேரம் ஆகிறது, ஒரு தடவைகூட அணையவில்லை. மூன்று வாரப் போராட்டம்.

சென்னையில் ஏதோ ஒரு அலுவலகம் கழித்துப்போட்ட மானிட்டர் இது. மச்சான் பேரம் பேசி 4,500 ரூபாய்க்கு வாங்கி, போர்வையில் சுற்றி ரயிலில் கொண்டுவந்து சேர்த்தான். ஐபிஎஸ் பேனல், செத்த பிக்சல் ஒன்றுகூட இல்லை. தனுஷ்கோடிப் பாதையில், கோதண்டராமர் கோயில் பக்கம் போன சீசனில் எடுத்த பூநாரைப் படங்கள் ஆயிரத்துக்கு மேல் அப்படியே கிடக்கின்றன. அவற்றைப் பெரிய திரையில் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் இத்தனைக்கும் காரணம்.

மானிட்டருக்குப் பின்னால் படக் கேபிள் மாட்ட இரண்டே வாய்: டிவிஐ, டிஸ்ப்ளே போர்ட். ஹெச்டிஎம்ஐ கிடையாது. போதாக்குறைக்கு, வருகிற படத்தைத் திரை அளவுக்கு நீட்டிச் சுருக்கிக்கொள்ளும் ஸ்கேலர் சிப்பும் இந்த மாடலில் இல்லை. 2560 × 1440 கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், இல்லையென்றால் 1280 × 720 வாங்கிக்கொள்ளும், நடுவில் எதுவும் வேண்டாம் என்கிற ரகம். என் லேப்டாப்பில் ஹெச்டிஎம்ஐ 1.4 ஒன்று, டைப்-சி ஒன்று. டைப்-சி வழியே படம் வர ஆல்ட் மோட் என்கிற தனி வசதி வேண்டும், இதில் அது இல்லை. டேட்டா மட்டும்தான். ஆக ஹெச்டிஎம்ஐ ஒன்றே வழி.

முதலில் கையில் இருந்த ஹெச்டிஎம்ஐ - டிவிஐ கேபிளை மாட்டினேன். உடனே படம் வந்தது, ஆனால் 1280 × 720. எழுத்தெல்லாம் கோலப்புள்ளி மாதிரி. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 2560 × 1440ஐ 60 ஹெர்ட்ஸில் ஓட்ட, ரெட்யூஸ்டு பிளாங்கிங் வைத்து, அதாவது வரிகளுக்கும் படங்களுக்கும் நடுவே விடும் வெற்று நேரத்தைக் குறைத்தாலும், 241.5 மெகாஹெர்ட்ஸ் பிக்சல் கிளாக் (பிக்சல்களை அனுப்பும் வேகம்) வேண்டும். 1999இல் வந்த டிவிஐயில் ஒரு லிங்க், அதாவது படம் போகும் ஒரு கம்பித் தொகுதி, தாங்குவது 165 மெகாஹெர்ட்ஸ். அதற்கு மேல் போனால் இரண்டாவது லிங்க்கும் சேர்ந்து ஓட வேண்டும். நம் சாதாரண ஹெச்டிஎம்ஐ பிளக்கில் இருப்பதோ ஒரே லிங்க். டூயல் லிங்க் டிவிஐ கேபிள் வாங்கினால் சரியாகிவிடாதா என்று கேட்காதீர்கள், அனுப்புகிற பக்கத்தில் இரண்டாவது லிங்க்குக்குக் கம்பியே இல்லை. ஹெச்டிஎம்ஐ 1.4 தன் ஒரே லிங்க்கில் 340 மெகாஹெர்ட்ஸ் வரை போகும், லேப்டாப்புக்கு அந்தத் தெம்பு உண்டு. வாங்கிக்கொள்ள டிவிஐக்குத்தான் இல்லை. எனவே டிஸ்ப்ளே போர்ட்.

இங்கேதான் இரண்டு வாரம் போனது. ராமநாதபுரத்தில் ஒரு கடையில் ஒரு முனை ஹெச்டிஎம்ஐ, மறுமுனை டிஸ்ப்ளே போர்ட் உள்ள கேபிள் 350 ரூபாய்க்குக் கிடைத்தது. "தம்பி, இது எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டேன். "அண்ணே, கேபிள்தானே, எப்படி மாட்டினாலும் ஓடும்" என்றார். மாட்டினேன், நோ சிக்னல். ரீஸ்டார்ட் செய்தேன், டிரைவரை மாற்றினேன், கேபிள்தான் கெட்டுவிட்டதோ என்று இன்னொன்றும் வாங்கினேன். அதே நோ சிக்னல்.

கேபிள் இரண்டும் நல்லவைதான், திசைதான் தவறு. கம்ப்யூட்டரில் உள்ள டிஸ்ப்ளே போர்ட் பலவற்றில் இரட்டை வசதி உண்டு, டிபி பிளஸ் பிளஸ் என்று குறி போட்டிருப்பார்கள். எதிர்ப்பக்கம் ஹெச்டிஎம்ஐ என்று தெரிந்தால் அந்த போர்ட்டே டிஎம்டிஎஸ் என்கிற ஹெச்டிஎம்ஐ வகைச் சிக்னலை அனுப்பத் தொடங்கிவிடும். கேபிளுக்குள் இருப்பது வோல்டேஜைச் சரிசெய்யும் சின்னச் சில்லு மட்டும். அதாவது பேச்சை மாற்றுவது கம்ப்யூட்டர், கேபிள் அல்ல. திருப்பி மாட்டினால் என்ன ஆகும்? ஹெச்டிஎம்ஐ தன் மூன்று டேட்டா ஜோடி, ஒரு கிளாக் ஜோடியில் அனுப்பிக்கொண்டே இருக்கும். மானிட்டரின் டிஸ்ப்ளே போர்ட் எதிர்பார்ப்பது பாக்கெட் பாக்கெட்டாக வரும் டேட்டா, தனிக் கிளாக் கம்பி அதில் கிடையாது. மானிட்டர் தன் விவரத்தைச் சொல்வதும் வேறு வழி, ஆக்ஸ் சேனல் என்கிற தனிக் கம்பி ஜோடியில். ஒருவர் சொல்வது மற்றவருக்கு ஒரு எழுத்துகூடப் புரியாது.

இந்தத் திசைக்கு வேண்டியது ஆக்டிவ் கன்வெர்ட்டர், சிக்னலையே பிரித்து மறுபடி கட்டுகிற சிப் உள்ளது. கடையில் கண்ணால் அடையாளம் காண ஒரு வழி சொல்கிறேன். அதில் பெரும்பாலும் யுஎஸ்பி வால் ஒன்று தொங்கும். ஹெச்டிஎம்ஐயின் 5 வோல்ட் பின்னில் உறுதியாகக் கிடைக்கும் மின்சாரம் 55 மில்லிஆம்பியர்தான், அது இந்தச் சிப்புக்குப் போதாது, அதனால்தான் வால். டப்பாவில் ஹெச்டிஎம்ஐ இன்புட், டிஸ்ப்ளே போர்ட் அவுட்புட் என்று எழுதியிருக்க வேண்டும். அம்புக்குறியை மட்டும் நம்ப வேண்டாம், சில டப்பாவில் இரு பக்கமும் அம்பு போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு ஆன்லைனில் 1,450 ரூபாய் ஆனது.

டிஸ்ப்ளே போர்ட் கேபிள் வாங்கும்போது இதையும் பாருங்கள். 20ஆவது பின்னில் 3.3 வோல்ட் பவர் இருக்கும், நல்ல கேபிளில் அந்தக் கம்பியை இரு முனைக்கும் இணைக்க மாட்டார்கள். இணைத்த மட்டக் கேபிளில் மானிட்டரின் மின்சாரம் திரும்பிக் கம்ப்யூட்டருக்குள் ஏறும். மல்டிமீட்டர் இருந்தால் மாட்டுவதற்கு முன் அந்தப் பின்னை ஒரு தடவை சோதித்துவிடுங்கள்.

கன்வெர்ட்டர் வந்த அன்றே 2560 × 1440 கிடைத்தது. பூநாரையின் சிறகோரக் கறுப்பு இறகை ஒவ்வொன்றாக எண்ணலாம் போல இருந்தது. சந்தோஷம் இருபது நிமிடம். திரை அணைந்தது, ஐந்து விநாடியில் வந்தது, மறுபடி அணைந்தது.

அணையும்போது கூடவே என்ன நடக்கிறது என்று கவனித்தது இந்தத் தடவை உதவியது. டேட்டா ஜோடியில் கோளாறு என்றால் படத்தில் முதலில் புள்ளி புள்ளியாக மினுங்கும். எனக்கு மினுங்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் விண்டோஸ் ஒரு சாதனத்தைக் கழற்றினால் வரும் சத்தம் வந்தது, திறந்திருந்த ஜன்னல்கள் எல்லாம் லேப்டாப் திரைக்கு ஓடின. அப்படியானால் மானிட்டரைக் கழற்றிவிட்டதாகவே லேப்டாப் நினைக்கிறது. அதை அதற்குச் சொல்வது 19ஆவது பின், ஹாட் பிளக். 18ஆவது பின்னில் போகும் 5 வோல்ட்தான் எதிர்ப்பக்கம் சுற்றி 19இல் திரும்பி வருகிறது. இந்த இரண்டில் ஒன்றில் தொடுகை சரியில்லை.

கேமரா லென்ஸைப் பூதக்கண்ணாடி மாதிரி திருப்பிப் பிடித்து லேப்டாப்பின் ஹெச்டிஎம்ஐ வாய்க்குள் பார்த்தேன். ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. எங்கள் வீடு பாம்பனில், தென்கடல் பக்கம். கச்சான் காற்று தொடங்கினால் கதவுக் கீலிலிருந்து தையல் மெஷின் வரை எல்லாவற்றிலும் உப்பு ஏறும். புதிய பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் கொடுத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். மட்டமான பிளக்கில் தங்கமுலாம் பேருக்குத்தான் இருக்கும், அடியில் உள்ள உலோகத்தை இந்தக் காற்று ஒரு பருவத்தில் தின்றுவிடும்.

லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, கழற்ற முடிந்த பேட்டரியையும் எடுத்துவிட்டு, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஒரு பழைய பிளக்கை நனைத்து வாய்க்குள் செருகி இழுத்தேன். பத்துத் தடவை, பிளக்கைத் துடைத்து மறுபடி பத்து. வெள்ளைத் துணியில் பச்சைக் கறை வந்தது. கன்வெர்ட்டரின் பிளக்கை, மயிரைக் குட்டையாக வெட்டிய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். மருந்துக்கடை ஸ்பிரிட் வேண்டாம், அதில் தண்ணீர் கலந்திருக்கும். ஒரு மணி நேரம் காயவிட்டு மாட்டினேன். அதுதான் நேற்று ராத்திரி பதினொன்றே கால்.

இனி கேபிளை அடிக்கடி கழற்றப் போவதில்லை. காலியாக உள்ள வாய்களுக்கு சிலிக்கான் மூடி ஆர்டர் போட்டாயிற்று. கன்வெர்ட்டரை சிலிக்கா ஜெல்லோடு ஒரு சின்ன டப்பாவுக்குள் அடைக்கலாமா என்று யோசனை இருக்கிறது, ஆனால் சிப் நன்றாகச் சூடாகிறது. ஒரு வாரம் சூட்டைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கலர் காலிபரேஷன் இன்னும் தொடவில்லை, அதற்குள் மனசு, மானிட்டரை மேஜையில் தாங்கிப் பிடிக்கும் ஆர்ம் பக்கம் போய்விட்டது. ஆர்ம் வாங்கி ஆறு மாதமாகிறது, கூட வந்த எம்4 போல்ட் நாலும் உறை பிரிக்காமலே பழுப்பேறிவிட்டன. மண்டபத்தில் விசைப்படகுச் சாமான் விற்கும் கடையில் 316 கிரேடு எஸ்எஸ் போல்ட் உதிரியாகக் கிடைக்கிறது, எம்4 இருக்கிறதா என்று ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்க வேண்டும். இதே மாதிரி இன்னொரு மானிட்டர் கிடைத்தால் எடுத்து வைக்கும்படி மச்சானிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்தத் தடவை பின்பக்க வாய்களை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிய பிறகுதான் பணம் கொடுக்க வேண்டும்.