இரவுச் செபத்தின் கடைசிப் பாட்டு

பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். கிரிக்கெட்டைப் பற்றி எழுத ஆட்கள் தாராளமாக இருப்பார்கள். விடுதிச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல என்னிடமும் நிறைய உண்டு, ஆனால் அதை அச்சில் போட முடியாது. ஆகவே 'சால்வே ரெஜினா' என்ற லத்தீன் மாதா பாட்டைப் பற்றி எழுதுகிறேன். சைவக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று இளையவர்கள் கேட்கலாம். 1960களின் தொடக்கத்தில் விடுதியில் இருந்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் கல்லூரிகளில் சைவப் பிள்ளைகள் தங்கிப் படிப்பது அந்தக் காலத்தில் புதினமில்லை. அம்மா தந்துவிட்ட திருநீற்றுப் பெட்டி என் மேசை லாச்சிக்குள்ளேயே கிடந்தது, ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இரவுச் செபத்துக்கு நாங்கள் வரத்தான் வேண்டும் என்று சட்டமும் இல்லை. ஆனால் ஸ்ரடி என்ற இரவுப் படிப்பு நேரம் முடிந்து எல்லாரும் சிற்றாலயத்துக்குப் போன பிறகு இருட்டு விறாந்தையில் தனியே நின்று என்ன செய்வது? கடைசி வாங்கில் போய் இருந்துவிடுவோம்.

செபம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும், அதோடு கொட்டாவியும் நடக்கும். எல்லாம் முடிந்து, படுக்கப் போகுமுன் கடைசியாகத்தான் இந்தப் பாட்டு. புத்தகமும் இல்லை, ஆர்மோனியமும் இல்லை. பாதர் ஒருவர் எடுத்துக்கொடுக்க எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள்: "சால்வே ரெஜினா, மாத்தேர் மிசெரிகோர்தியே." மேல் வகுப்பில் லத்தீன் படித்த அண்ணன்மாருக்கே அது முழுதாக விளங்கியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஊரில் பாட்டு வாத்தியாரிடம் கொஞ்சம் படித்திருந்ததால் எனக்குச் சுரம் மட்டும் விளங்கியது. ஸ, க, ப என்று ஏறி, தைவதத்தைத் தொட்டு, பஞ்சமத்தில் இறங்கி நிற்கும் எடுப்பு. ஓதுவார் பழம்பஞ்சுரப் பண்ணில் ஒரு பதிகத்தைத் தொடங்குவதுபோல இருக்கும். மூன்றாம் தவணை வருவதற்குள் முழுவதும் எனக்குப் பாடமாகிவிட்டது.

நாங்கள் பாடியது எளிய மெட்டு. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ஆன்றி தியூ மோன் என்ற இசைஞரின் பெயரோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். மடங்களில் பாடும் பழைய மெட்டு வேறு. அதில் 'சால்வே' என்ற முதற் சொல்லுக்கே நாலு சுரம் போய்விடும், பள்ளிக்கூடப் பெடியளுக்கு அது சரிவராது.

என் பக்கத்துக் கட்டில் நண்பன் பாஷையூர்க்காரன், கத்தோலிக்கன். இது அவனுக்குப் புதியதே அல்ல. அவர்கள் வீட்டில் செபமாலை முடிந்ததும் அவனுடைய ஆச்சி "கிருபை தயாபத்து மாதாவாயிருக்கிற எங்கள் இராக்கினியே வாழ்க" என்று தொடங்கி ஒரே மூச்சில் சொல்லி முடிப்பாவாம். அதே மன்றாட்டுத்தான், தமிழில். ஆச்சியின் வேகத்தை அவன் கட்டிலில் இருந்து நடித்துக் காட்ட, விடுதிப் பொறுப்பாளரிடம் இருவரும் அடி வாங்கினோம்.

ஒரு விஷயம் மட்டும் அப்போது பிடிபடவில்லை. மற்றச் செபங்களைக் கடமைக்குச் சொல்லுகிற பாதர்மார்கூட இந்தப் பாட்டு வந்ததும் நிமிர்ந்துவிடுவார்கள். வகுப்பில் சிரித்தே அறியாத ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பாடுவார். அதன் காரணம் எனக்குத் தெரியவந்தது லண்டனுக்கு வந்து பல காலம் கழித்து, அவர்களுடைய சபை நிறுவுநரின் வரலாற்றைப் படித்தபோதுதான்.

நம்மைப் படிப்பித்தவர்கள் பெயருக்குப் பின்னால் அ.ம.தி. போட்டுக்கொள்ளும் அமலமரித் தியாகிகள் என்ற துறவற சபையார். அந்தச் சபையைத் தொடங்கிய பிடிவாதக்காரர் யூஜின் தெ மசெனோத், 1782இல் தென் பிரான்சின் எய்க்ஸ் நகரில் பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பயந்து குடும்பம் ஓடியதால் அவருடைய இளமை இத்தாலியில் ஊர் ஊராகக் கழிந்தது. 1816இல் சபையைத் தொடங்கி, பின்னர் மார்சேய் நகரின் ஆயரானார். 1847இல் செமேரியா என்ற குருவின் தலைமையில் இலங்கைக்கு ஆட்களை அனுப்பியவரும் அவரே. யாழ்ப்பாணம் அவர்களுடைய களமானது. அந்த முடிவு இல்லாவிட்டால் நமக்கு அந்தப் பாதர்மாரும் இல்லை, இந்த மலரும் இல்லை.

1861 மே 21ஆம் தேதி மார்சேயில் அவர் மரணப் படுக்கையில் கிடந்தார். சுற்றி நின்ற சபையார் இரவுச் செபத்தைச் சொல்லி, சால்வே ரெஜினாவுக்கு வந்தார்கள். அதன் கடைசி அடி "ஓ கிளெமென்ஸ், ஓ பியா, ஓ துல்சிஸ் விர்கோ மரியா." அந்த அடி முடியும்போது அவர் உயிர் பிரிந்தது. 1995இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். சபைக் குருக்கள் யாராவது இறந்தால் உடன் சகோதரர்கள் சுற்றி நின்று இதே பாட்டைப் பாடுவது அவர்கள் வழக்கம். அப்படியானால் சிற்றாலயத்தில் நாங்கள் தூக்கக் கலக்கத்தில் பாடிக்கொண்டிருந்தது அந்த மனிதர்கள் தங்கள் சாவுக்கென்று வைத்திருந்த பாட்டு. அவர்கள் அதை எங்களுக்கு விளக்கவே இல்லை. விளக்கியிருந்தால் நாங்கள் பயந்து மெல்லப் பாடியிருப்போம்.

பாட்டு சபையைவிட மிகப் பழையது. ஜெர்மனியின் ரைக்கனாவ் தீவு மடத்துத் துறவி எர்மன் (1013–1054) இயற்றினார் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். சிறுவயது முதலே கைகால் விளங்காதவர், பேச்சும் திக்கும். அப்படி இருந்தும் வானியலும் கணக்கும் இசையும் எழுதியவர். இன்றைய ஆய்வாளர்கள் பலர் இதை அவர் பெயரில் உறுதியாக வைப்பதில்லை. பிரான்சின் லெ புய் நகர ஆயர் அதெமாருக்கும் உரிமை கோருகிறவர்கள் உண்டு. கடைசி அடியைப் புனித பெர்னார்டு 1146இல் ஜெர்மனியின் ஸ்பைர் பேராலயத்தில் நடந்துகொண்டே பாடிச் சேர்த்தார் என்றும் ஒரு கதை. கதை நன்றாகத்தான் இருக்கிறது, நான் நம்பவில்லை.

யார் எழுதியது என்பதைவிட எப்போது பாடினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிரான்சின் குளுனி மடத்தில் 1135 அளவில் பவனிகளில் பாடினார்கள். 1221 வாக்கில் இத்தாலியின் பொலோஞ்ஞாவில் தொமினிக்கன் துறவியர் நாளின் கடைசிச் செபத்துக்குப் பிறகு இதைப் பாடத் தொடங்கினார்கள். தம் சகோதரர் ஒருவருக்குப் பேய் பிடித்ததால் வந்த ஏற்பாடு அது என்று அச்சபையைச் சேர்ந்த சாக்சனி ஜோர்தான் எழுதிவைத்திருக்கிறார். பேய் போயிற்று, பாட்டு நிலைத்துவிட்டது. எங்கள் சிற்றாலயத்து இரவு வழக்கத்துக்கு வேர் அங்கேதான். கொலம்பஸின் மாலுமிகளும் பொழுதுபட்டால் இதைத்தான் தங்கள் தங்கள் ராகத்தில் பாடுவார்கள், 1492 அக்டோபர் 11 மாலையிலும் பாடியதாக அவருடைய நாட்குறிப்புச் சுருக்கம் சொல்கிறது. மறுநாள் விடியுமுன் கரை தெரிந்தது. 1794 ஜூலை 17இல் பாரிஸில் கில்லட்டினுக்குக் கொண்டுபோகப்பட்ட கொம்பியேஞ் நகரக் கார்மேல் மடத்துக் கன்னியர் 16 பேர் வண்டியில் பாடிச் சென்றதும் இதுவே. நாள் முடிவதற்கும் ஆள் முடிவதற்கும் ஒரே பாட்டு.

திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் (லியோ) 1884இல் இன்னொரு வேலையும் இதற்குக் கொடுத்தார். பாடற்பூசையல்லாத சாதாரணப் பூசை முடிந்ததும் குருவும் மக்களும் முழந்தாளில் நின்று இதைச் சொல்லவேண்டும் என்று உலகம் முழுவதற்கும் உத்தரவிட்டார். 1965 மார்ச் 7ஆம் தேதி அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் மாற்றங்கள் அப்போது ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. பூசை தமிழுக்கு வந்தது, நல்ல காரியம். பாஷையூர் ஆச்சி எல்லாவற்றையும் இனி விளங்கிக் கேட்கலாம் அல்லவா? ஆனால் லத்தீனை எடுத்துவைத்த கையோடு இந்த மெட்டையும் எடுத்துவைத்தது தேவையில்லாத அவசரம் என்பது என் அபிப்பிராயம். வத்திக்கான் சங்கம் லத்தீனை ஒழிக்கச் சொல்லவே இல்லை.

பிறகு நான் இதை முழுதாகக் கேட்டது ஒரு செத்தவீட்டில்தான். நம்மைப் படிப்பித்த வயோதிபக் குரு ஒருவரின் அடக்கத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். பிரசங்கம் தமிழ், பாட்டுகள் தமிழ், கீபோர்ட்டும் இருந்தது. கடைசியில் சபைக் குருக்கள் பெட்டியைச் சுற்றி வந்து நின்றார்கள். இளம் குருமார்கூடப் புத்தகம் பார்க்காமல் பாடினார்கள். எனக்கு முன்னால் நின்ற தலை நரைத்த கூட்டம், பாதி சைவம் பாதி கத்தோலிக்கம், தானாகச் சேர்ந்துகொண்டது.

எனவே செயலாளருக்கு ஒரு வேண்டுகோள். நவம்பரில் இறந்த பழைய மாணவருக்காக இங்கே நாம் ஒப்புக்கொடுக்கும் பூசையில், கடைசிப் பாட்டாக இதை வைக்கலாம். பாட்டுத்தாளில் லத்தீன் வரிகளைத் தமிழ் எழுத்தில் அடித்துத் தர நான் தயார். கீபோர்ட் வேண்டாம். சுருதி மட்டும் ஒரு கட்டைக்கு மேலே போகவேண்டாம், மேல் ஸட்ஜத்தைப் பிடிக்கிற தொண்டை நம்மில் இனி அதிகம் பேருக்கு இல்லை.